வேலு மகன் முத்து, முத்து மகன் வேலு

“மாமா, இந்த ஆள் ரெண்டு தடவை பிறந்திருக்காரு” என்றாள் தங்கை மகள்.

அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. புகுந்த வீட்டு அலமாரியில் மூன்று தலைமுறையாகச் சேர்ந்த காகிதங்கள் அதற்குள் இருந்தன. ஓரம் கிழிந்த ஐசி, இறப்புப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், தோட்டத்துச் சம்பள அட்டை ஒன்று. மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்களாம். பாரிட் புந்தாரில் இந்த மாதிரி வேலைக்கு என் வீட்டுக்கு வருவது சொந்தக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் குடும்பக் கிளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன் என்பது ஊருக்கே தெரியும்.

உறையிலிருந்த இரண்டு தாள்களில் ஒரே பெயர். பெயர்களை இங்கே மாற்றிச் சொல்கிறேன். உறவு முறையை மாற்றவில்லை. ‘ஏ/எல்’ என்றால் மலாயில் ‘மகன்’. 1914ல் பிறந்த ஒரு ‘வேலு ஏ/எல் முத்து’. 1971ல் பிறந்த ஒரு ‘வேலு ஏ/எல் முத்து’. பின்னவர் அவள் கணவர். முன்னவர் யார் என்பதில்தான் அவளுக்குக் குழப்பம்.

கிராணி தூக்கத்தில் எழுதியது இல்லை இது. முத்துவின் மகன் வேலு. அந்த வேலு தன் மூத்த மகனுக்குத் தகப்பன் பெயரை வைத்தார், முத்து. அந்த முத்துவும் தன் மூத்த மகனுக்குத் தகப்பன் பெயரை வைத்தார், வேலு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும், தகப்பன் பெயரைப் பின்னால் எழுதும் வழக்கமும் ஒரு வீட்டில் சேர்ந்துவிட்டால் தாத்தாவுக்கும் பேரனுக்கும் முழுப் பெயரே ஒன்றாகிவிடும். பேரன் என்ற சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள். பேர்த்தியும் அப்படி வந்தவள்தான். மொழி முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது, நாம்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வேலுவையும் பிரிக்க ஐசி எண்ணே போதும். இங்கே மலாயாவில் அடையாள அட்டை 1948ல், அவசரகாலச் சட்டத்தின் கீழ், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்தது. பன்னிரண்டு இலக்க எண் 1990ல்தான் வந்தது. அதற்கு முன் இறந்துபோனவரின் தாளில் பழைய, குட்டையான எண் இருக்கும். புதிய எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். தேதியை மட்டும் அப்படியே நம்பிவிடக்கூடாது. தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு ஐசி எடுக்கும்போது ஆளைப் பார்த்து மதிப்பிட்ட வயதுதான் எழுதப்பட்டது.

குடும்பப் பெயரை வைத்துக் கிளை தேடும் கலை வேறு ஊர்களில் வளர்ந்தது. நம் பக்கத்திலேயே சீனர்களைப் பாருங்கள். பெயரின் முதல் எழுத்தே குடும்பப் பெயர். பினாங்கில் கூ கொங்சி என்று ஒரு குலத்துக்கே மாளிகை கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே தகப்பனிடமிருந்து மகனுக்கு ஒரு சொல் மாறாமல் இறங்கிக்கொண்டே வருகிறது. உயிரியலில் அதற்கு ஒரு ஜோடி உண்டு. ஆணிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம். மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து பிள்ளைக்குப் போகும். ஒய் குரோமோசோமின் பெரும்பகுதி கலைவதில்லை. தகப்பனுடையது அப்படியே மகனுக்கு, எப்போதாவது ஓரிடத்தில் ஒரு சிறு எழுத்துப் பிழையோடு. அதன் 6 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விடாமல் படித்து முடித்ததே 2023ல்தான்.

பெயரும் இந்தக் குரோமோசோமும் ஒரே தடத்தில் போகின்றனவா என்று ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் தன் குடும்பப் பெயரை வைத்தே சோதித்தார். 2000ஆம் ஆண்டு வந்த அந்த ஆய்வில், சைக்ஸ் என்ற பெயர் கொண்ட 48 ஆண்களில் 21 பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம். ஊரெங்கும் சிதறிக் கிடந்த சைக்ஸ்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எழுநூறு வருடத்துக்கு முந்திய ஒரே தகப்பனின் வாரிசுகளாக இருக்கலாம் என்று தோன்றியது. மீதிப் பேரிடம் தத்து, பெயர் மாற்றம், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்று தலைமுறைக்கு நூற்றில் ஒன்றிரண்டாகச் சேர்ந்த பிசகுகள்.

குடும்பப் பெயர்கள் ஏன் அழிகின்றன என்பதும் பழைய கேள்வி. ஃபிரான்சிஸ் கால்டன் 1873ல் இதை ஒரு பத்திரிகையில் புதிராகப் போட்டார்; ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டு விடை சொன்னார். ஒரு குடும்பத்தில் சராசரியாக ஒரு மகன் அல்லது அதற்கும் குறைவு என்றால், எத்தனை தலைமுறை ஓடினாலும் கடைசியில் அந்தப் பெயர் அணைந்தே தீரும். சராசரி ஒன்றைத் தாண்டினால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வாட்சன் ஒரு சறுக்கல் சறுக்கி, எல்லாப் பெயரும் அழியும் என்றே எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அணுஉலையில் நியூட்ரான் பெருகுவதற்கும் தொற்றுநோய் பரவுவதற்கும் இன்று இதே கணக்குத்தான்.

தமிழனுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. அவன் பின்பெயரின் ஆயுள் ஒரு தலைமுறை. முத்துவின் பிள்ளைகள் ‘ஏ/எல் முத்து’. அவர்களுடைய பிள்ளைகளிடம் முத்து இல்லை. ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துவிட்டு முத்து என்ற பின்பெயரைத் தேடிக் கிளம்பிய நான், முதல் இரண்டு வருடம் சம்பந்தமில்லாத முத்துக்களின் பிள்ளைகளைச் சேர்த்துச் சேர்த்து ஒரு காட்டையே வளர்த்தேன்.

விடை கையிலேயே இருந்தது, தலைகீழாக. மூத்த வேலுவுக்கு மூன்று மகன்கள். முத்து, ராமன், கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரும் தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பன் பெயரைத்தான் வைத்தார்கள். ஆகவே வேலு ஏ/எல் முத்து, வேலு ஏ/எல் ராமன், வேலு ஏ/எல் கோவிந்தசாமி. வெள்ளைக்காரப் பங்காளிகளுக்குப் பின்பெயர் ஒன்று, முன்பெயர் வேறு வேறு. நம் பங்காளிகளுக்கு முன்பெயர் ஒன்று, பின்பெயர் வேறு வேறு. ஒரே வட்டாரத்தில், ஏறக்குறைய ஒரே வயதில், தகப்பன் பெயர் மட்டும் மாறி மூன்று வேலுக்கள் நின்றால் அவர்களுக்கு மேலே ஒரு வேலு இருந்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், சாட்சி இல்லை. வேலு என்பது அத்தனை பொதுவான பெயர். வீரபத்திரன், பாவாடைராயன் மாதிரி அரிய பெயராக வாய்த்தால் தேடுகிறவன் கொடுத்துவைத்தவன்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது. பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தாகிவிட்டது. பெற்றவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? ராசா, துரை, பெரியவன், தம்பி என்று ஒரு வீட்டுப் பெயர் முளைக்கும். தோட்டமே அதைத்தான் அறியும். ‘வேலுவைத் தெரியுமா?’ என்று லயத்தில் போய்க் கேட்டால் கூடப் பிறந்தவனே உதட்டைப் பிதுக்குவான். ‘துரை’ என்று கேட்டால் நாற்காலி போடுவார்கள்.

கோவிந்தசாமியின் கிளையை நான் பிடித்த கதை கொஞ்சம் நீளம். அவருடைய ஐசியில் பெயர் ஆங்கில எழுத்து ‘ஜி’யில் தொடங்குகிறது. அவர் மகனின் பிறப்புப் பத்திரத்தில் அதே பெயர் ‘கே’யில் தொடங்குகிறது, நடுவில் இருந்த ‘டி’ ஒன்று ‘டி-ஹெச்’ ஆகியிருக்கிறது. எழுதியவர் காதுக்கு அப்படி விழுந்திருக்கிறது. வேலு என்ற இரண்டெழுத்துப் பெயருக்கே கடைசியில் ஒரு ‘யு’ போட்டவரும் உண்டு, இரண்டு ‘ஓ’ போட்டவரும் உண்டு. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலோடு நிற்பதை நம் வீடுகளில் யாரும் அதிசயமாக நினைப்பதில்லை.

இந்த நோய்க்கு அமெரிக்கர்கள் 1918லேயே ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். ராபர்ட் ரஸ்ஸல் என்பவர் காப்புரிமை வாங்கிய சவுண்டெக்ஸ். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலியால் நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண்ணைக் கொடுப்பது. ‘பி’, ‘வி’ வகைக்கு 1, ‘ஜி’, ‘கே’, ‘எஸ்’ வகைக்கு 2, ‘டி’ வகைக்கு 3, ‘எல்’லுக்கு 4, ‘எம்’, ‘என்’ இரண்டுக்கும் 5, ‘ஆர்’ 6. மூன்று இலக்கம் சேர்ந்ததும் நிறுத்திவிடலாம். பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளை அவர்கள் இப்படித்தான் அட்டவணை போட்டார்கள். எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் முனியாண்டி ‘எம்553’தான். சுப்ரமணியத்தின் நடுவில் ‘பி’ ஒலியை எந்த எழுத்தால் எழுதினாலும் ‘எஸ்165’. பிரமாதம் என்று நினைத்துக் கோவிந்தசாமியைப் போட்டேன். தகப்பன் ஜி153, மகன் எழுதியபடி கே153. எண்கள் அச்சாக ஒன்று, தலையெழுத்து மட்டும் வேறு. கணினி இருவரையும் வேறு வேறு ஆள் என்றது. வேடிக்கை என்னவென்றால் சவுண்டெக்ஸின் பட்டியலில் ‘ஜி’யும் ‘கே’யும் ஒரே வகுப்பு. பெயரின் முதல் எழுத்தாக நிற்பதால் மட்டும் அந்தச் சலுகை கிடைக்காமல் போகிறது. பாஸ்கரனும் ஆங்கிலத்தின் இரண்டு ‘பி’களால் இதே போலப் பிளந்துபோவார்.

அப்போதுதான் ஒரு வேலை செய்தேன். ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்கள் அத்தனையையும் தமிழில் திருப்பி எழுதினேன். தமிழில் க ஒன்றுதான். அது ‘கே’யா, ‘ஜி’யா என்பதை இடம் பார்த்து வாய் முடிவு செய்துகொள்ளும். ப, ட, த எல்லாம் அப்படியே. அமெரிக்கர் எண் கொடுத்துச் செய்த வேலையை நம் எழுத்து முறை ஈராயிரம் வருடமாகச் சும்மா செய்துவருகிறது. நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கம் நிறைந்திருந்த பெயர்கள் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தன. எண்சோதிடக்காரர் சொல்லி எழுத்தைக் கூட்டிய பெயர்களும் அதில் அடங்கின. இதை மென்பொருள் எழுதத் தெரிந்த பிள்ளைகள் யாராவது ஒரு நாள் ஒழுங்காகச் செய்யவேண்டும்.

பெயர் இவ்வளவுதான் தரும். அடுத்தது இடம். பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால். பாரிட் புந்தார் இருக்கும் கிரியான் வட்டாரம் இன்று நெல்வயலாகத் தெரிகிறது. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்திலிருந்து வரும் பாசனத் திட்டம் 1906ல் முடிந்த பிறகு வந்த பச்சை அது. அதற்கு முன்னும் பின்னும் இங்கே தமிழன் காலூன்றியது கரும்பில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலில் காலிடோனியா, இந்தப் பக்கம் கூலா போன்ற தோட்டங்கள். கூலா என்றாலே மலாயில் சர்க்கரை. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் நின்றது. கரும்பும் ரப்பருக்கு இடம் விட்டது. பிறகு கங்காணிகளின் காலம், 1938ல் இந்திய அரசு தடை போடும் வரை.

கிளை தேடுகிறவனுக்குக் கங்காணி ஒரு வரம். அவன் செய்த கொடுமைகளைப் பற்றிப் பேச இது இடமில்லை. அவன் ஆள் பிடித்தது தன் ஊரில், தன் சொந்தத்தில், சுற்றுப்பட்ட நாலைந்து கிராமங்களில். திருச்சி, சேலம், தஞ்சாவூர், ஆர்க்காடு மாவட்டங்களின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கூட்டமாகக் கிளப்பி, கப்பலேற்றி, பினாங்கில் இறக்கி, பூலாவ் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காகத் தனிமையில் இருக்கவைத்து, ஒரே லயத்தில் குடியேற்றினான். ஆகவே தாத்தாவின் ஊர் தெரியாவிட்டாலும், எந்தக் கங்காணியின் ஆள் என்று தெரிந்தால் தாலுகா தெரிந்த மாதிரி. பக்கத்து வீட்டுக் கிழவியின் ஊர்தான் பெரும்பாலும் உங்கள் ஊரும். எதிர் வீட்டில் கேட்க வெட்கப்பட்டு ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு தேசத்துச் சொந்தங்களுக்கு இந்தச் சுற்று வழி தேவையில்லை. மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பு மச்சம் எல்லாம் பதிவு. மொரீசியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகளைப் புரட்டலாம். நமக்குக் கங்காணியின் கணக்கும் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேடும்தான். அதிலும் எத்தனையோ தோட்டம் துண்டாடப்பட்டபோது பழைய புத்தகத்தோடு போயிற்று. கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 1880களில் அருட்தந்தை ரெனே ஃபே பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றினார். ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் இடத்தில் தாய் தகப்பன் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருக்கும்.

கிளைகள் பதிவே இல்லாமல் முறிந்த காலமும் ஒன்று உண்டு. சயாம் மரண ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன பல்லாயிரம் பேரில் திரும்பாதவர்களுக்கு இறப்புப் பத்திரம் யார் எழுதியது? என் வரைபடத்தில் 1943க்கு அருகே நாலு பேருக்குப் பக்கத்தில் வெறும் கோடுதான் போட்டிருக்கிறேன். 1969ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பர்மிட் கட்டாயமானபோது ஊருக்குத் திரும்பியவர்களால் இன்னொரு முறிவு. ராமனின் கிளை அப்படித்தான் போனது.

ராமனின் கிளையைத் திரும்பப் பிடித்துக் கொடுத்தது சாமி. பங்காளிகளுக்குக் குலதெய்வம் ஒன்று. பெண் கல்யாணமாகிப் போனால் புருஷன் வீட்டுச் சாமியைக் கும்பிடுவாள். மகன் தகப்பன் சாமியை விடமாட்டான். யோசித்துப் பாருங்கள், ஒய் குரோமோசோம் போகிற அதே தடம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை என்று சொல்வது முழு உண்மையில்லை. அதைக் கோயிலில் வைத்திருக்கிறோம். செட்டிநாட்டு நகரத்தார் இதை ஏடாகவே ஆக்கியவர்கள். ஒன்பது கோயில், ஒவ்வொரு கல்யாணமும் கோயிலில் ஒரு புள்ளி. மற்றவர்களுக்கு ஏடு இல்லை, பிடிமண் உண்டு. ஊர்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு வந்து தோட்டத்து ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட இடம், இன்று தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். பூசாரியிடம் ‘மண் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டதில் எனக்குத் துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்று கிடைத்தது. அங்கே போனால் கோயில் வரி கொடுக்கும் பங்காளிகளில் ஒரு வேலு ஏ/எல் ராமன். அங்கே அவர் ரா. வேலு.

மரபணுச் சோதனைக்கு எச்சிலைத் துப்பி அனுப்பினால் இதெல்லாம் தெரியுமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆண் வழியைச் சோதித்தால் மூன்று வேலுக்களும் ஒரு கொடி என்று தெரியும், உண்மைதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் ஊர்க்காரர் ஒருவரின் ஒய் குரோமோசோமில் எம்130 என்ற மிகப் பழைய குறியைக் கண்டதும் இதே வழியில்தான். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த ஆதி மனிதர்களின் தடம் அது. ஆனால் எல்லாக் குரோமோசோமையும் கலந்து பார்க்கும் சாதாரணச் சோதனை நம் வீட்டுக்குள் வந்தால் தடுமாறும். பெரியப்பா பிள்ளைகள், மாமன் பிள்ளைகள் யாரானாலும் சராசரி எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. அதற்கு அடுத்த தலைமுறையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. இது உறவுக்குள் கல்யாணம் செய்யாதவர்களின் கணக்கு. நாம் அத்தை மகளைக் கட்டுவோம், அக்காள் மகளைக் கட்டுவோம். மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குக் கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டிகள் எட்டுப் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். அக்காள் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு ஒரே கிழவர் அப்பா வழியில் தாத்தா, அம்மா வழியில் கொள்ளுத் தாத்தா. மரம் வரைகிற மென்பொருளில் கோடுகள் பின்னிக்கொண்டு பூக்காரி தொடுத்த சரம் மாதிரி ஆகிவிடும். ஒரே வழியில் தூரத்து உறவு, நாலு வழியில் சேர்ந்து நெருங்கிய உறவாகச் சோதனையில் தெரியும்.

இது வீட்டளவில் நிற்பதும் இல்லை. தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017ல் வந்த ஒரு கட்டுரை, அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்தவை என்றது. சில அரிய பரம்பரை நோய்கள் சில சாதிகளுக்குள் அடிக்கடி தலைகாட்டுவதற்குக் காரணம் அதுவே. குடும்ப மரம் வரைகிறவன் யார் யாரைக் கட்டினார்கள் என்று ஒழுங்காக எழுதி வைத்தால் டாக்டருக்கும் உதவும்.

எனக்கு மரபணுவை விட நம்பிக்கை ‘முறை’யில். லூயிஸ் ஹென்றி மார்கன் 1871ல் உலக உறவுச் சொற்களை அட்டவணை போட்டபோது, அமெரிக்கப் பழங்குடியான செனெக்காவும் தமிழும் ஒரே அச்சில் இருப்பதைப் பார்த்து வியந்துபோனார். அப்பாவின் தம்பி பிள்ளை அண்ணன் தம்பி. அம்மாவின் தம்பி பிள்ளை மச்சான். ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். நம் சொல்லில் பங்காளி யார், கொண்டு கொடுக்கிறவர் யார் என்ற கணக்கு உள்ளேயே இருக்கிறது. ‘எப்படிச் சொந்தம்?’ என்று கேட்டால் கிழவிகள் திணறுவார்கள், நடுவில் இருந்தவர்களின் பெயர் மறந்திருக்கும். ‘என்ன முறை வேணும்?’ என்று கேளுங்கள், யோசிக்காமல் பதில் வரும். பெயர் போன பிறகும் முறை நிற்கிறது.

தங்கை மகள் அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பெரிய அட்டையில் பென்சிலால் பெட்டிகள் போட்டோம். இரண்டு வேலுவுக்கும் தலையில் 1, 2 என்று எண். அவள் மகனுக்குப் பாட்டன் பெயர் இல்லை. முத்து என்று வைத்திருக்கவேண்டியவனுக்கு வடமொழி வாசனையோடு, இரண்டு எழுத்துக் கூடுதலாக ஒரு பெயர். அந்தச் சங்கிலி அவனோடு நின்றது.

அவள் கொழுந்தன் வீட்டுப் பெட்டி மட்டும் பாக்கி. அவர் பெர்த்தில் இருக்கிறார். போன புதிதில் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் ‘ஏ/எல்’லுக்குப் பின்னால் இருந்ததை எடுத்து எழுதியிருக்கிறார். மொரீசியஸிலும் டர்பனிலும் முதலில் இறங்கியவரின் பெயர் அப்படித்தான் உறைந்தது. அவர்களின் வாரிசுகள் இன்றும் ராம்சாமி, வீராப்பென் என்றே பின்பெயரைச் சுமக்கிறார்கள். பெர்த்தில் பிறந்த கொழுந்தன் மகளுக்கு இப்போது நான்கு வயது. தகப்பன் பெயர் அவள் பெயரோடு சேரவில்லை. பாலர் பள்ளிப் பதிவேட்டில் அவள் மிஸ் முத்து.